கருங்கடல் வெயில்

முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்த தெக்லாவுக்குக் காலை ஒன்பது மணி தாண்டும்வரை நிழல் கிடையாது என்பதையும், பொழுது அடைந்து தெருவிளக்கெல்லாம் எரியத் தொடங்கிய பிறகும் மூன்று மணி நேரம் அவள் காலடியில் நிழல் கிடக்கும் என்பதையும் அந்த ஊரில் யாரும் பெரிய சங்கதியாக எடுத்துக்கொண்டதில்லை. ஒருத்தருக்கு ஆறு விரல் இருக்கிறது, ஒருத்தருக்குப் பூனைக்கண் இருக்கிறது, தெக்லாவுக்கு நிழல் பிந்தி வருகிறது, அவ்வளவுதான். அவளுடைய அப்பா மிக்கேலுக்கும் அப்படித்தான் இருந்தது, அவருடைய அப்பா சவரிமுத்துவுக்கும் அப்படித்தான், அவருடைய அப்பா சந்தியாகுவுக்கும் அப்படித்தான். ஒருவர் மண்ணுக்குள் போன அன்று அது அடுத்தவர் காலில் வந்து ஒட்டிக்கொள்ளும். மிக்கேலை அடக்கம் செய்த சாயங்காலம், பத்தொன்பது வயதுத் தெக்லா ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, கூடி நின்ற சனத்தின் நிழலெல்லாம் கிழக்கே சாய்ந்திருக்க அவளுடையது மட்டும் வடக்கே நீண்டிருந்தது. பாவம், சின்னப் பிள்ளை தலையில் பொறுப்பு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுச் சனம் வீட்டுக்குப் போனது.

முதல் ஆளான சந்தியாகுவின் சொந்தப் பெயர் ஸ்தோயான். பல்கேரியா தேசத்தில் கருங்கடலோரத்து உப்பூர் ஒன்றில் பிறந்தவன், ஏதோ ஒரு கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவனாக உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தவன், தூத்துக்குடியில் கப்பல் உப்பு ஏற்ற நின்றபோது கரையில் பாத்தி பாத்தியாகத் தன் ஊரே விரிந்து கிடப்பதைக் கண்டு இறங்கினான், பிறகு ஏறவில்லை. வீட்டில் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவனாம். உப்பு வாரும் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்வதற்காக அவனுக்குப் புது ஞானஸ்நானம் கொடுத்து, சந்தியாகு என்று பெயர் வைத்து, கோயில் பதிவேட்டில் சொந்த ஊர் என்ற இடத்தில் 'கடலுக்கு அப்பால்' என்று எழுதிக்கொண்டார் அன்றைய பங்குச் சாமியார். அவன் உடம்பு இங்கே இறங்கிவிட்டது, நிழல் மட்டும் இன்னும் அந்த ஊர் வெயிலிலேயே காய்ந்துகொண்டிருக்கிறது என்பது ஊர் கண்ட முடிவு. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை, ஆராய்ந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த நிழலால் ஆன பிரயோசனம் கொஞ்சநஞ்சமல்ல. உப்பளத்தில் உச்சிவேளை என்பது தலைக்கு மேலே ஒரு வெயில், காலுக்குக் கீழே உப்பில் பட்டுத் திரும்புகிற இன்னொரு வெயில். ஒதுங்க ஒரு மரம் கிடையாது, உவர்மண்ணில் மரம் எங்கே முளைக்கும்? அந்த வேளையில் மற்றவர்களின் நிழல் கூனிக்குறுகிக் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். தெக்லாவுக்கோ கருங்கடலில் அப்போதுதான் காலைச் சாப்பாட்டு நேரம், இளவெயில், நிழல் மாசி மாதத்தில் இரண்டு ஆள் நீளத்துக்கு மேற்கே விழும். கையில் என்ன பிடித்திருந்தாளோ அதன் நிழலும் சேர்ந்தே விழும். ஆகவே அவள் மூன்றாவது வரப்பின்மேல் ஏறி நின்று ஓர் உப்புச் சாக்கை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடிப்பாள், பதினொரு பெண்கள் வந்து அதற்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். அவர்கள் தின்று முடித்து, தண்ணீர் குடித்து, கண்ணை ஒரு நொடி மூடித் திறக்கும்வரை அவள் நிற்பாள். பிறகு அவள் வெயிலில் உட்கார்ந்து தன் சோற்றைத் தின்பாள். தன் நிழலில் தான் உட்கார யாருக்கு வாய்க்கும்?

சில நாள் இங்கே கண்ணைப் பறிக்கிற வெயிலாக இருக்கும், தெக்லாவின் காலடி வெறுமையாக இருக்கும். 'உங்க ஊர்ல இன்னைக்கு மூட்டம் போல' என்று சொல்லிக்கொண்டு பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். இப்படியாக பல்கேரியாவின் மழையும் பனியும் எந்தப் பத்திரிகையும் படிக்காத அந்தப் பதினொரு பேருக்கும் அத்துப்படியாக இருந்தன. வயதில் மூத்த பேச்சித்தாய்க்கு அந்த நாட்டுக் குளிர்காலம் பற்றி ஒரு அபிப்பிராயமே உண்டு, அது வீணாக நீண்டு போகிறது என்பாள். உப்பள முதலாளிக்கும் இதில் லாபம்தான். ஓய்வுக் கொட்டகை போட்டுத் தாருங்கள் என்று கேட்டபோதெல்லாம், அதுதான் தெக்லா இருக்கிறாளே என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிவந்தார்.

தெக்லாவின் புருசன் கடலுக்குப் போய் வராமல் போனவன். மிஞ்சியது ஒரே மகள் ஜெசிந்தா, நர்ஸ் படிப்பு முடித்து டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் 'நெழலில்லாதவ மக' என்று கேலி செய்தார்கள் என்று பதினாலு வயதிலேயே உப்பளத்துப் பக்கம் வருவதை நிறுத்திவிட்ட பிள்ளை அவள். அம்மாவின் நிழலைப் பற்றி யார் பேசினாலும் எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாக வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, கைபேசியைக் காட்டி, பூட்டன் பல்கேரியாக்காரன் என்று நிரூபித்தால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்கும், அது கிடைத்தால் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கௌரவமாக வேலை பார்க்கலாம் என்று சொன்னாள். ஆனால் மூன்று தலைமுறைக்குத்தான் செல்லுமாம்.

"நீ மூணாவது தலைமுறை, நான் நாலாவது. எனக்கு நேராக் கெடைக்காதும்மா. நீ அந்த நாட்டுக்காரி ஆனாத்தான் நான் ஆக முடியும்."

திருச்செந்தூர் தாண்டிப் போகாத என்னை எவன் அந்த நாட்டுக்காரி என்று எழுதித் தருவான் என்று தெக்லா சிரித்தாள். சிரித்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆசை இருந்தது, பத்து வருடமாக அவள் பார்க்காத ஆசை. சரி, என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டாள்.

காகிதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்தோயான் தன் ஊர்க் கோயிலில் பிறப்பு எழுதி வாங்கி, மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்த தாள். மிக்கேல் காலத்தில் வீட்டுக்குள் கறையான் ஏறியபோது அதைக் காப்பாற்ற அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உப்பில் போட்ட மாங்காய் கெடுவதில்லை, உப்பில் போட்ட மீன் கெடுவதில்லை, உப்பளத்தில் செத்துக் கிடந்த நாய்கூட ஒரு மாதம் உருக்குலையாமல் கிடந்தது, அப்படியிருக்கக் காகிதம் மட்டும் எப்படிக் கெடும் என்று யோசித்து, ஒரு பானை நிறையக் கல்லுப்பைக் கொட்டி, நடுவில் தாளைப் புதைத்து, வாயைத் துணி கட்டி மூடினார். சுற்றுவட்டாரத்தில் பத்திரம் வைத்திருந்தவர்கள் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள், இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் அப்படியே செய்தார்கள். இப்போது ஜெசிந்தா பானையைக் கவிழ்த்தாள். தாள் ஒரு மூலை மடங்காமல், ஒரு ஓட்டை விழாமல், புதுசாக வந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. உப்பு காகிதத்தைக் காப்பாற்றிவிட்டு மையைத் தின்றிருந்தது.

அந்த வெள்ளைத் தாளையும் கோயில் பதிவேட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு தாயும் மகளும் ரயிலேறி டெல்லிக்குப் போனார்கள். அந்நாட்டு அலுவலகத்தில் யோர்தான் என்ற அதிகாரி இருந்தார், சாந்தமான மனிதர். சந்தியாகு என்பவரின் கொள்ளுப்பேத்தி நீங்கள் என்பது தெரிகிறது, ஸ்தோயான் என்று ஒருவர் எங்கள் ஊரில் பிறந்திருக்கலாம் என்பதும் சரி, இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதை ஜெசிந்தா தமிழில் சொல்ல, தெக்லா எழுந்து முற்றத்துக்குப் போய் வெயிலில் நின்றாள். பின்னால் வந்த யோர்தான் கீழே பார்த்தார். முற்றத்துக் கொடிக்கம்பத்தின் நிழல் ஒரு பக்கம் விழ, அவளுடைய நிழல் இன்னொரு பக்கம் நீளமாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கி, இல்லாமல் போய், கொஞ்சம் கழித்து மறுபடி தெளிந்தது. அவர் கைபேசியை எடுத்து கருங்கடலோரத்தில் இருந்த தன் தாயைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம், இப்போதுதான் ஒரு மேகம் கடந்து போனது, துணி காயப்போட்டிருக்கிறேன் என்றாளாம் அந்த அம்மாள். யோர்தான் போய் அந்த நிழலுக்குள் நின்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னதை ஜெசிந்தா இப்படித் தமிழாக்கினாள்:

"அவரு நம்புதாராம்மா. ஆனா நம்புதேன்னு எழுதுறதுக்குப் படிவத்துல எடமில்லையாம்."

ஆனாலும் அவர் தம் கைப்பட அந்த உப்பூருக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வர மூன்று மாதமானது. அந்த ஊர்ப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ராத்கா என்ற பெண் எழுதியிருந்ததைக் கைபேசி விறைப்பான ஒரு தமிழில் மாற்றித் தர, ஜெசிந்தா அதைச் சத்தமாக வாசித்தாள். எங்கள் உப்பளத்தின் மூன்றாவது வரப்பில், பெரியவர்கள் நினைவு தெரிந்த நாள் முதலாக, ஆளில்லாமல் ஒரு நிழல் விழுகிறது. முதலில் உயரமான ஆணின் நிழல், பிறகு வேறு இரண்டு ஆண்கள், இருபத்தாறு வருடமாக ஒரு பெண். விடிவதற்கு முன்பே, எங்களுக்கு வெயில் வராதபோதே, அது வந்து குனிந்து எதையோ வாரிக்கொண்டிருக்கும். நாங்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் அது சுருங்கி ஒரு சாணாகிவிடும், ஆனால் இரண்டு கையையும் தூக்கி ஏதோ பிடித்திருப்பது தெரியும். எங்கள் பெண்கள் அதை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். சில மாதங்களில் அது நாள்கணக்கில் வராது, அங்கே மழைக்காலம் என்று சொல்லிக்கொள்வோம். யாரிடம் விசாரிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள் என்ன பிடித்திருக்கிறார்?

தெக்லா அழுதுவிட்டாள். தனக்கு இல்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்த சொந்த ஊர் நிழலை யாரோ முகம் தெரியாத பெண்கள் மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

கடிதத்தோடு அந்த ஊர்ப் பிறப்புப் பதிவேட்டின் நகல் ஒன்று இருந்தது. ஸ்தோயான் பெயருக்கு எதிரே, ஓரத்தில், அந்தக் காலத்துச் சாமியார் சின்னதாக எழுதியிருந்தார்: உப்புக் கப்பலில் போய்விட்டான், நிழல் இங்கே வேறு வெயிலில் கிடக்கிறது. ஜெசிந்தா அனுப்பிவைத்த அதைப் பார்த்துவிட்டு யோர்தான், தூத்துக்குடிப் பதிவேட்டின் நகலை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொன்னார். சந்தியாகு பெயருக்கு எதிரே, ஓரத்தில், யாரும் இதுவரை வாசிக்க மெனக்கெடாத லத்தீனில் இரண்டு வரி இருந்தது: இவனுக்கு நிழல் பிந்தி வருகிறது, பாவமல்ல. இரண்டும் ஒரே வருடம். நிழலுக்குச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் இரண்டு பதிவேட்டில் எழுதப்பட்ட நிழலுக்கு உண்டு. கோப்பு மேலே போனது.

சங்கடம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த நாட்டுக் குடிமகள் ஆகிவிட்டால் இந்த நாட்டுக் குடிமகளாக இருக்க முடியாது, ஒருவருக்கு ஒரு நாடுதான் என்பது நம்மூர்ச் சட்டம். ராத்காவின் கடிதத்தில் கடைசியாக இன்னும் ஒரு வரி இருந்தது. போனவன் மறுபடி இந்த ஊர் ஏட்டில் ஏறும் நாளில் நிழல்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் என்று எழுதியிருந்தாள். அதாவது தெக்லா கையெழுத்துப் போட்டால் மகளுக்கு வழி திறக்கும், பதினொரு பெண்களுக்கு உச்சி நிழல் போகும், அவளும் பிறந்த மண்ணில் பரதேசி ஆவாள். போடாவிட்டால் எல்லாம் இருந்தபடி இருக்கும், ஜெசிந்தாவும் இருந்தபடி இருப்பாள். இரண்டு வாரம் தெக்லா அந்தக் காகிதத்தைத் தொடாமலே வைத்திருந்தாள். ஜெசிந்தா ஒருநாள் பொறுமையிழந்து, அவர்களுக்கு நிழல் கொடுப்பது முதலாளியின் வேலை, உன் வேலையா என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான், அதனாலேயே தெக்லாவுக்குக் கோபம் வந்தது.

கடைசியில் அவள் பேச்சித்தாயிடம் போய்ச் சொன்னாள். பேச்சித்தாய் உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு, கால் புண்ணுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, நாங்க வெயிலு பாக்காதவளுகளா? பெத்தது ஒண்ணு. அது போறேங்குது. போட்டுக் குடு."

தெக்லா போட்டுக் கொடுத்தாள். ஊர் அவளைத் துரைசாணி என்று கூப்பிட ஆரம்பித்தது. ரேஷன் கடைக்காரர் அட்டையில் அவள் பெயரை அடிக்கும்போது பேனா எழுதவில்லை என்று நாலு தடவை உதறினார், பேனா நன்றாகத்தான் எழுதியது. வாக்காளர் பட்டியலில் பெயர் எடுக்கப்பட்டதும், ஒவ்வொரு தேர்தலிலும் அவள் யாருக்குப் போடுகிறாள் என்று பத்து வருடமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த வட்டச் செயலாளர்கூட வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தார். பின்னால் குடியுரிமை கைக்கு வந்ததும், இங்கேயே இருந்துகொள்வதற்காக, வெளிநாட்டில் வாழ்கிற இந்திய வம்சாவளிக்காரர்களுக்குக் கொடுக்கிற அட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்தாள் ஜெசிந்தா. கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்த தெக்லா அதை ரேஷன் அட்டை இருந்த இடத்தில் வைத்துக்கொண்டாள்.

குடியுரிமைப் பத்திரம் சித்திரையில் வந்தது, சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கிற நாட்களில் ஒன்றில். ஜெசிந்தாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை எடுத்துக்கொண்டு பல வருடம் கழித்து ஸ்கூட்டரில் உப்பளத்துக்கே வந்துவிட்டாள். அப்போது உச்சிவேளை. தெக்லா வழக்கம்போல வரப்பில் ஏறிச் சாக்கை விரித்துப் பிடித்தாள், பெண்கள் வழக்கம்போல மேற்கே வரிசையாக உட்கார்ந்து சட்டியைத் திறந்தார்கள். நிழல் விழவில்லை. எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். அது மற்றவர்களுடையதைப் போலவே பாதத்துக்குள் சுருண்டிருந்தது. ஐம்பதை நெருங்கும் வயதில், இந்தியாக்காரி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, தெக்லாவுக்கு இருபத்தாறு வருடத்தில் முதன்முதலாக முழுசாகத் தூத்துக்குடி நிழல் வந்து சேர்ந்திருந்தது.

பதினொரு பேரும் அந்த வெட்டவெயிலில் அப்படியே வரிசை கலையாமல் உட்கார்ந்து, எப்போதும் போல ஊறுகாயை ஒருவருக்கொருவர் கை மாற்றிக்கொண்டு, சோற்றைத் தின்று முடித்தார்கள். தெக்லாவும் சாக்கை இறக்கவில்லை. அவர்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ஜெசிந்தா பத்திரத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்காமல், கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பினாள்.

மறுநாளே பெண்கள் முதலாளியிடம் போய்க் கொட்டகை கேட்டார்கள். அவருக்குச் சொல்லச் சாக்கு எதுவும் இல்லாமல் போனதால், அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார்.

ஜெசிந்தாவின் காகிதங்கள் அம்மாவுடையதன் பின்னாலேயே வரிசையில் நின்று கைக்கு வந்தன. பூட்டனின் உப்பூருக்குப் பக்கத்து நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆனி கடைசியில் கிளம்பினாள். பெட்டி கட்டும்போது ஒரு பழைய உப்புச் சாக்கு வேண்டும் என்று கேட்டாள். கருவாட்டுப் பொட்டலம் சுற்றத்தான் கேட்கிறாள் என்று நினைத்து தெக்லா நல்லதாக ஒன்றைப் பார்த்து உதறி மடித்துக் கொடுத்தாள். பூட்டன் செய்ததைப் போலச் செய்யாமல், ஜெசிந்தா தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் ஏறிச் சொல்லிக்கொண்டு போனாள், பேச்சித்தாய் வீட்டில் மட்டும் கூடுதலாகக் கொஞ்ச நேரம் இருந்தாள். போன பிறகு வாரத்துக்கு ஒருமுறை பேசினாள். சாப்பாடு புளிப்பாக இருக்கிறது என்றாள், மனிதர்கள் நல்லவர்கள் என்றாள், ராத்காவைப் போய்ப் பார்த்தேன் என்றாள். உன் நிழல் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தெக்லாவுக்கு வாய் வரவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் உச்சியில் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்றாவது வரப்பின் ஓரமாக உட்காரப்போனபோது, அங்கே நிழல் கிடந்தது. வரப்பின்மேல் ஆள் இல்லை. ஆனால் வரப்பிலிருந்து மேற்கே ஓர் ஆள் நீளத்துக்கு நிழல், இரண்டு கையையும் தூக்கி ஒரு சாக்கை அகலமாக விரித்துப் பிடித்திருந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. சின்ன வயதில் அந்தத் தோளைப் பார்த்து எத்தனை தடவை நேராக நில் என்று தெக்லா அதட்டியிருப்பாள்.

பெண்கள் ஆச்சரியப்பட்டு நேரத்தைக் கழிக்கவில்லை, பசி வேளை அது. ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். முதலாளி காதில் இதைப் போட்டுவிடாதீர்கள், கொட்டகையை மறந்துவிடுவார் என்று பேச்சித்தாய் எல்லோரையும் எச்சரித்தாள். தெக்லா மட்டும் கையில் தூக்குச்சட்டியோடு நின்றாள். இருபத்தாறு வருடமாக நின்றே பழகியவளுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பேச்சித்தாய் நகர்ந்து இடம் விட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. இதையா இத்தனை வருடம் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று தெக்லா நினைத்தாள். சட்டியைத் திறந்து ஒரு வாய் அள்ளியவள், அதை அப்படியே வைத்துக்கொண்டு, தரையில் கிடந்த அந்தத் தோளைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"கை வலிக்கும். எறக்குட்டி."

நிழல் கையை இறக்கவில்லை. தெக்லா கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்று, தண்ணீர் குடித்து, ஒரு நொடி கண்ணை மூடித் திறந்த பிறகுதான் இறக்கியது.